கோடையும் பூந்தோட்டமும்: ஈழத்து உலர்வலயத் தோட்ட வரலாறு பற்றிய ஒரு நோக்கு

மனிதன் மலரை வளர்த்த வரலாற்றை, அவன் நீரைத் தேக்கியும் இறைத்தும் பங்கிட்டும் வந்த வரலாற்றிலிருந்து பிரித்து எழுதுதல் இயலாது. மழை மிகுந்த நாட்டிலே தோட்டம் என்பது அழகுணர்ச்சியின் வெளிப்பாடாக மாத்திரம் தோன்றக்கூடும். ஆண்டின் பெரும்பகுதி வெயிலிலே கழியும் நாட்டிலோ, ஒரு பூஞ்செடி உயிரோடு நிற்பதற்குப் பின்னால் ஒரு கிணறும், ஒரு துலாவும், அத்துலாவை மிதித்த கால்களும் நிற்கின்றன. ஆகவே, கோடையிலே நின்ற செடி வரலாற்று மாணவனுக்கு ஒரு சான்றாதாரமாகவும் அமைகின்றது.

இலங்கையின் பூந்தோட்டங்களைப் பற்றி எழுதப்படும் வரலாறு பெரும்பாலும் பேராதனையிலே தொடங்கிப் பேராதனையிலேயே முடிந்துவிடுகின்றது. அப்பூங்காவின் பெருமை மறுக்கத்தக்கதன்று. எனினும், ஈரமான ஆற்றங்கரையொன்றிலே உருவான தோட்ட இலட்சியம் நாடு முழுவதற்கும் உரிய இலட்சியமாகக் கொள்ளப்பட்டமையின் விளைவுகள் போதிய அளவு ஆராயப்படவில்லை. தோட்டம் ஆண்டு முழுவதும் பசுமையாகவே இருத்தல் வேண்டும் என்ற எண்ணம் நமக்கு எவ்வாறு வந்தது? அவ்வெண்ணம் வருமுன்னர் உலர்வலயத்தின் சுதேச மலர்களும் அவற்றைப் பேணிய மக்களும் கோடையை எவ்வாறு கடந்தனர்? இவ்விரு வினாக்களுக்கும் விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் நிலத்தையும் மழையையும் நோக்குவோம். யாழ்ப்பாணக் குடாநாடு ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 1,200 முதல் 1,300 மில்லிமீற்றர் வரையிலான மழையைப் பெறுகின்றது. இம்மழையின் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழி ஆகிய மாதங்களுள் பெய்து ஓய்ந்துவிடும். சித்திரையின் சிறுமழைக்குப் பின்னர் காண்டாவனம் தொடங்கும். தொடர்ந்து வீசும் சோளகம் நிலத்தின் எஞ்சிய ஈரத்தையும் உறிஞ்சிச் செல்லும். குடாநாட்டிலே ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. சுண்ணாம்புக்கற் பாறையினூடே கசிந்திறங்கும் மழைநீர், அடியிலுள்ள உவர்நீரின் மேல் ஒரு மெல்லிய வில்லை போல மிதந்து நிற்கின்றது. இந்நன்னீரை அளவறியாது இறைத்தால் அடியிலுள்ள உவர் மேலெழும். பேராதனையின் நிலையோ முற்றிலும் வேறானது. இரு பருவக்காற்றுக்களின் மழையையும் பெறும் அவ்விடத்தை மகாவலி கங்கை வளைந்து சூழ்ந்து ஓடுகின்றது. இவ்விரு நிலங்களுக்கும் ஒரே தோட்ட முறை பொருந்துமென எதிர்பார்ப்பது வியப்புக்குரியதே.

உலர்வலயத்தின் மலர்களை உற்றுநோக்கின், அவை கோடையை மூன்று வழிகளிலே எதிர்கொள்கின்றமை புலப்படும். முதலாவது வழி உறங்குதல். கார்த்திகைப்பூ இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டாகும். மழையோடு முளைத்து, வேலியைப் பற்றி ஏறி, தன் பெயருக்குரிய மாதத்தை ஒட்டிப் பூத்து, நிலம் காயத் தொடங்கியதும் இலையும் கொடியும் கருகி மறைந்துவிடுகின்றது. கொடி மடிந்ததே அன்றிச் செடி மடியவில்லை. கிழங்கு மண்ணுள்ளே அடுத்த மழையை எதிர்பார்த்துக் கிடக்கின்றது. தும்பையோ தன் விதைகளை மண்ணிலே விட்டுச் செல்கின்றது. இரண்டாவது வழி துறத்தல். கொன்றை தன் இலைகளை உதிர்த்துவிட்டு, வெயில் உச்சத்தை அடையும் காலத்திலேதான் பொன்னிறப் பூங்கொத்துக்களைத் தொங்கவிடுகின்றது. மூன்றாவது வழி தாங்குதல். ஆழ வேரோடிய ஆவரையும், தடித்த இலையும் பாலும் கொண்ட எருக்கும் நீரூற்றுவாரின்றியே வெயிலிலும் பூத்து நிற்கின்றன.

இவ்வழிகளுள் எதுவும் ஆண்டு முழுவதும் பசுமையாயிருத்தல் என்பதை இலக்காகக் கொண்டதன்று என்பது மனங்கொள்ளத்தக்கது. இங்கு ஒரு செடி உறங்கும்போது இன்னொன்று பூக்கின்றது. கோடை, மாரி என்னும் இரு காலங்களும் தத்தமக்குரிய மலர்களை உடையன. இயற்கையின் இவ்வொழுங்கை அறிந்து அதற்கேற்ப நடந்துகொள்பவனே இந்நிலத்தின் தோட்டக்காரனாகலாம்.

தமிழர் மலர்களை வகுத்த முறையிலும் இவ்வறிவின் சாயலைக் காணலாம். நிலப்பகுப்புக்களுக்கு மலர்களின் பெயரையும் மரங்களின் பெயரையும் இட்டு வழங்கிய மரபு நம்முடையது. கபிலரின் குறிஞ்சிப்பாட்டு தொண்ணூற்றொன்பது மலர்களை நிரல்படுத்துவதை இலக்கிய மாணவர் அறிவர். பெரியபுராணத்திலே முருக நாயனார் வழிபாட்டுக்குப் பறித்த மலர்கள் கோட்டுப்பூ, நீர்ப்பூ, கொடிப்பூ, நிலப்பூ என நால்வகைப்படுகின்றன. இவ்வகைப்பாடு பூ எங்கே, எதனைப் பற்றி வாழ்கின்றது என்பதை அடிப்படையாகக் கொண்டது. மரத்தின் கிளையிற் பூப்பது யாது, நீரின்றி அமையாதது யாது, பற்றுக்கோடு வேண்டுவது யாது, நிலத்தோடு படிந்து கிடப்பது யாது என்னும் வினாக்கள் தோட்டக்காரனின் வினாக்களே. பதினெட்டாம் நூற்றாண்டிலே லினேயசு வகுத்த முறையோ பூவின் கேசரங்களை எண்ணிப் பிரித்தது. உலர்ந்த தாளிலே ஒட்டப்பட்ட பூவையும் அம்முறைகொண்டு வகுக்கலாம். இரண்டுக்கும் தத்தமக்குரிய பயன் உண்டு. எனினும், முன்னையது செடியை அதன் நிலத்தோடு சேர்த்துப் பார்க்கின்றது என்ற வேறுபாடு நம் பொருளுக்கு முக்கியமானது.

பண்டைய அரசர்களும் உலர்வலயத்திலே தோட்டங்களை அமைத்தனர். ஐந்தாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே காசியப்பன் ஆண்ட சிகிரியாவின் நீர்த்தோட்டங்கள் இன்றும் காணத்தக்கன. நிலத்தடிக் குழாய்களினூடே நீரின் அழுத்தத்தால் இயங்குமாறு அமைக்கப்பட்ட நீர்த்தாரைகள், ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்குப் பின்னரும் மழைக்காலத்திலே எழுகின்றன. பேரரசனொருவனின் இன்பத்தோட்டத்துக்கும் குளமும் வாய்க்காலுமே உயிராக இருந்தன என்பதை அவை உணர்த்துகின்றன. ஆயின், இத்தகைய தோட்டங்கள் அரசின் பலத்தோடு தோன்றி, அப்பலம் குன்றியபோது காடாயின. தொடர்ந்து நிலைத்த தோட்டங்களை நாம் வேறிடத்திலே தேடல் வேண்டும்.

கோயில் நந்தவனமே அவ்விடமாகும். தென்னிந்தியாவின் சோழர்காலக் கல்வெட்டுக்கள் திருநந்தவனங்களுக்கும் அவற்றைப் பேணுவோருக்கும் நிலமும் நெல்லும் அளிக்கப்பட்டமையைக் கூறுகின்றன. பூவுக்கு அளித்த கொடை என்பது உண்மையிலே நீரிறைப்போனுக்கும் களைபிடுங்குவோனுக்கும் அளித்த உணவாகும். ஈழத்துச் சைவக் கோயில்களிலும் இம்மரபு தொடர்ந்தது. சிவவழிபாட்டிலே சிறப்பிடம் பெறும் தும்பை, எருக்கு, கொன்றை என்பனவெல்லாம் வறண்ட நிலத்திலே தாமாக வளர்வன. எளிய காட்டுப்பூவே இறைவனுக்கு உகந்ததெனக் கொண்ட சமயக் கருத்து, அறிந்தோ அறியாமலோ, நீர்வளம் குன்றிய ஊர்களுக்குப் பொருந்திய ஒரு தோட்டக் கொள்கையாகவும் அமைந்துவிட்டது. கோடையிலே நந்தவனம் வாடினாலும் வேலியோரத்து எருக்கு வழிபாட்டுக்குக் குறைவு வராது காத்தது.

யாழ்ப்பாணத்து வீட்டு வளவும் இதே சிக்கனத்தைக் கடைப்பிடித்தது. இங்கு தோட்டம் என்னும் சொல் புகையிலை, மிளகாய், வெங்காயம் முதலியன விளையும் நிலத்தையே பெரிதும் குறிக்கும். இறைத்த நீரில் முதலுரிமை பயிருக்கே. பூஞ்செடிகள் கிணற்றடியிலே நின்றன. குளித்த நீரும் துவைத்த நீரும் ஓடும் வழியிலே வாழையும் மல்லிகையும் நந்தியாவட்டையும் நடப்பட்டன. பூவுக்கென்று தனியே ஒரு பட்டை நீர் இறைக்கவேண்டிய தேவை குறைந்தது. வளவைச் சுற்றிய பூவரசும் கிளுவையும் முள்முருக்கும் வேலியாயின, காற்றைத் தடுத்தன, வெட்டிய குழை தோட்டத்திலே தாழ்க்கப்பட்டு மண்ணின் ஈரத்தைக் காத்தது. வேலியிலிருந்து கழற்றிய பழைய பனையோலையும் மண்ணுக்கே சென்றது. கோடையை எதிர்கொள்வதற்கான ஏற்பாடுகள் கோடைக்கு நெடுநாள் முன்னரே, மண்ணுக்குள்ளே செய்யப்பட்டன.

துலாவின் உழைப்பை இங்கு சற்று விரிவாக நோக்குதல் தகும். துலாவின் மேல் ஏறி முன்னும் பின்னும் நடந்து மிதிப்பவர், கிணற்றுவாயிலே நின்று பட்டையைப் பிடித்துக் கவிழ்ப்பவர், பாத்திக்குப் பாத்தி வாய்க்காலை மாறி நீரைக் கட்டுபவர் என ஒவ்வோர் இறைப்புக்கும் பலர் வேண்டியிருந்தனர். விடியுமுன் தொடங்கும் இவ்வேலையை வெயில் ஏறுமுன் முடித்தல் வேண்டும். வெயிலில் ஊற்றிய நீரிற் பெரும்பகுதி காற்றுக்கே போய்விடும் என்பதை அவர்கள் நூலிலே கற்கவில்லை, காலிலே கற்றார்கள்.

இவ்வரலாற்றை இலட்சியமயமாக்கிக் கூறுதல் நேர்மையாகாது. பிறருடைய நிலத்திலே உழைத்த தாழ்த்தப்பட்ட மக்களுள் பலருக்கு அந்நிலத்தின் கிணற்றிலே தம் கையால் நீர் அள்ளும் உரிமை இருக்கவில்லை. பூ சென்ற கோயிலினுள்ளே அவர்கள் செல்லவும் இயலவில்லை. சாதியின் பெயரால் இழைக்கப்படும் சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் சட்டம் 1957இல் இயற்றப்பட்ட பின்னரும், 1968இல் மாவிட்டபுரத்திலே ஆலயப் பிரவேசத்துக்காகப் போராட வேண்டியிருந்தமையை நாம் அறிவோம். நந்தவனத்தின் அழகைப் பாடுவோர் அதன் வேலிக்கு வெளியே நின்றவரையும் நினைத்தல் வேண்டும். நம் முன்னோரின் நீர்ச்சிக்கனம் பாராட்டத்தக்கது; அவர்களது நீர்ப்பங்கீடு பாராட்டத்தக்கதன்று.

இனி, ஐரோப்பியரின் வருகையோடு தோன்றிய மாற்றத்தை நோக்குவோம். ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் மருத்துவராக 1670களில் இங்கு பணியாற்றிய போல் ஹேர்மன், கொழும்பை அண்டிய பகுதிகளிலே செடிகளைச் சேகரித்து உலர்த்தி வைத்தார். அவரது மறைவுக்குப் பல்லாண்டுகள் கழிந்தபின், 1744இல் அச்சேகரிப்பு லினேயசிடம் சென்றது. ஒருநாளும் இலங்கையைக் காணாத லினேயசு, அதனை ஆராய்ந்து 1747இல் ‘புளோரா செய்லானிக்கா’ என்னும் நூலை வெளியிட்டார். தும்பையினத்துள் ஒன்று ‘செய்லானிக்கா’ என இத்தீவின் பெயரையே தன் அறிவியற் பெயரிலே தாங்கி நிற்பது இத்தொடர்பின் விளைவாகும். நம் மலர்கள் உலக அறிவினுள் இவ்வாறு புகுந்தன. ஆனால், அவை புகுந்த வாயில் ஈரவலயத்தின் கரையோரமாகவே இருந்தது.

பிரித்தானியர் காலத்திலே கொழும்பிலும் பின்னர் களுத்துறையிலும் இருந்த தாவரத் தோட்டம் 1821இல் பேராதனைக்கு மாற்றப்பட்டது. அதன் பொறுப்பாளரான அலெக்சாந்தர் மூன் 1824இல் இலங்கைச் செடிகளின் பட்டியலொன்றை வெளியிட்டார். அறிவு வளர்ச்சியோடு பெருந்தோட்டப் பொருளாதாரத்தின் தேவைகளும் இத்தோட்டங்களை வழிநடத்தின. 1861இல் தோன்றிய ஹக்கல தோட்டம் சிங்கோனாவுக்காகவும், 1876இல் தோன்றிய ஹெனறத்கொட தோட்டம் இறப்பருக்காகவும் அமைக்கப்பட்டன. சுதேச மலர் உலர்த்தாளிலே இடம்பெற்றது. பாத்தியிலே அயற்செடி இடம்பெற்றது எனச் சுருங்கக் கூறலாம்.

1880இல் பேராதனைக்கு வந்த ஹென்றி ட்றைமன் இவ்வகையிலே தனித்துக் குறிப்பிடத்தக்கவர். இலங்கைச் செடிகள் பற்றிய அவரது கைநூல் 1893 முதல் 1900 வரை ஐந்து பாகங்களாக வெளிவந்தது. 1896இல் அவர் மறைந்தபின் ஜோசப் ஹூக்கர் எஞ்சியவற்றை நிறைவுசெய்தார். அந்நூலிலே செடிகளின் சிங்களப் பெயர்களோடு தமிழ்ப் பெயர்களும் பதியப்பட்டுள்ளன. ஊர்மக்கள் வேலியோரத்திலே வழங்கிய பெயர்கள் முறையான தாவரவியல் நூலொன்றிலே ஏறியமை சிறிய செய்தியன்று. வெப்பமும் வறட்சியும் மிக்க நிலத்துக்கெனத் தனியான தோட்டம் வேண்டும் என்பதை உணர்ந்த காலமும் அதுவே. 1883இல் அநுராதபுரத்திலே ஒரு கிளைத்தோட்டம் அமைக்கப்பட்டது. ஆனால் அது நிலைக்கவில்லை. மலைநாட்டின் கோப்பிக்கும் தேயிலைக்கும் இருந்த ஆதரவு உலர்வலயத்தின் பூவுக்கு இருக்கவில்லை.

அயற்செடிகளின் வரவு வேறொரு விளைவையும் தந்தது. அழகுக்காக 1826இல் பேராதனைக்குக் கொண்டுவரப்பட்ட நாயுண்ணி, தோட்டத்தின் எல்லையைக் கடந்து நாடெங்கும் பற்றையாகப் பரவியது. 1904இல் அதன் பூவின் அழகுக்காகவே வந்த ஆகாயத்தாமரை குளங்களை மூடத் தொடங்கவே, ஐந்தே ஆண்டுகளில், 1909இல், அதனை ஒழிப்பதற்கெனச் சட்டம் இயற்றவேண்டியதாயிற்று. 1939இல் கொழும்பிலிருந்த பல்கலைக்கழகக் கல்லூரியின் தாவரவியற்றுறைக்குக் கற்கைப் பொருளாக வந்த சல்வீனியாவும் அவ்வாறே நீர்நிலைகளுக்குப் பகையாயிற்று. பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நாம் இதனைச் சிறப்பாக நினைவிற்கொள்ளல் தகும். ஒரு செடியைப் பெயர்த்து நடுவது எளிது; அதன் பசியை அறிவது அரிது.

இதனைக் கொண்டு அயலிலிருந்து வந்தவை யாவும் பகை என முடிவுசெய்தல் தவறு. தேமா அமெரிக்க வெப்பநாடுகளிலிருந்தும், நித்தியகல்யாணி மடகாசுகரிலிருந்தும் வந்தவை. அவை நம் வெயிலைத் தாங்கின. நம் நீரை மிகுதியாகக் கேட்கவில்லை. ஊரிலும் வழிபாட்டிலும் இடம்பெற்றன. எனவே, ‘சுதேசம்’ என்பதைப் பிறப்பிடத்தை மாத்திரம் கொண்டு அளத்தல் போதாது. இந்நிலத்தின் மழையோடும் கிணற்றோடும் ஒத்து வாழுமா என்பதே கேட்கத்தக்க வினாவாகும்.

அவ்வினாவைக் கேளாமலே பரவியது புற்றரையும் எப்போதும் தளிர்த்த பாத்திகளும் கொண்ட தோட்ட இலட்சியம். ஆட்சியாளரின் பங்களாக்களிலே தொடங்கிய அது, அலுவலகங்களுக்கும் கல்லூரிகளுக்கும் வசதிபடைத்த வீடுகளுக்கும் பரவியது. 1950களிலிருந்து நீரிறைக்கும் இயந்திரங்கள் பெருகியபோது, துலாக்காலத்தின் இயற்கையான எல்லை நீங்கிற்று. மனிதன் களைத்தால் துலா நின்றுவிடும். இயந்திரம் எண்ணெய் உள்ளவரை நிற்பதில்லை. மிதித்தவரின் கால்களுக்கு ஓய்வு கிடைத்தமை பெரும் நன்மையே. அதே வேளை, களைப்பு விதித்திருந்த அளவை அறிவு விதிக்கத் தவறியது. மிகையாக இறைத்த நீருக்கும் குடாநாட்டின் பல கிணறுகள் உவராகியமைக்கும் உள்ள தொடர்பு இன்று மறைபொருளன்று. இதிலே பெரும்பங்கு பயிர்ச்செய்கையினுடையது என்பது உண்மை. ஆயினும், நீர் மிகக் குறைந்த மாதங்களிலேயே மிகுந்த நீரைக் கேட்கும் பூந்தோட்டம் அச்சுமையைக் குறைப்பதாகாது.

போர்க்காலம் இவ்வரலாற்றிலே இன்னொரு முறிவை ஏற்படுத்தியது. 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்தோருட் பலர், ஏறக்குறைய இருபது ஆண்டுகளுக்கும் மேலாகத் தம் வளவுகளைக் காணவில்லை. நிலங்கள் படிப்படியாக விடுவிக்கப்பட்டபோது அவர்களை எதிர்கொண்டவை இடிந்த சுவர்களும் பற்றைக்காடுமே. வீடு கட்டுவதற்குப் பற்றையை அழித்தல் தவிர்க்கவியலாதது. ஆனால், பற்றை என்ற ஒரே சொல்லினுள் ஆவரையும் எருக்கும் கார்த்திகைக் கிழங்கும் அடங்கிவிடுகின்றன. கோடையிலே வெட்டித் துப்புரவாக்கப்படும் நிலத்திலே உறங்கும் கிழங்கு யார் கண்ணுக்கும் தெரிவதில்லை. பெயரும் காலமும் அறிந்த முதியவர் அருகில் இல்லாதபோது, பூவும் களையும் ஒன்றாகிவிடுகின்றன. செடியின் அழிவுக்கு முன்னோடியாக அமைவது அதன் பெயரின் மறைவே.

2013இல் அம்பாந்தோட்டை மாவட்டத்து மிரிஜ்ஜவிலவிலே ஏறத்தாழ 300 ஏக்கர் பரப்பிலே உலர்வலயத் தாவரவியற் பூங்காவொன்று திறக்கப்பட்டது. அநுராதபுரத்து முயற்சிக்கும் இதற்கும் இடையே 130 ஆண்டுகள் கழிந்துள்ளன. வறண்ட நிலத்துக்கும் தனக்கெனத் தோட்ட அறிவு வேண்டும் என்பதைக் காலந்தாழ்த்தியேனும் நாடு ஏற்றுக்கொண்டமைக்கு அது அடையாளமாகும். எனினும், ஒரு பூங்கா செய்யவல்லதைவிட ஆயிரம் கிணற்றடிகள் செய்யவல்லது அதிகம். அங்கு வேண்டப்படுவது பெரும் செலவன்று. விடியற்காலையில் ஊற்றல், குழையால் மண்ணை மூடல், கழிநீரைச் செடிக்குத் திருப்பல், உறங்கும் கிழங்கைத் தோண்டாது விடல் ஆகியவற்றை மீண்டும் கைக்கொள்வதே வேண்டப்படுவது. இவற்றோடு, கிணற்றுநீர் அனைவருக்கும் உரியது என்னும் நீதியையும் சேர்த்துக்கொள்வோமாயின், முன்னோர் விட்ட குறையையும் நிறைவுசெய்தவராவோம்.

நமது கல்விக்கூடங்களின் முற்றங்களிலே கோடையில் மஞ்சளித்த புற்றரையைக் கண்டு, தோட்டம் செத்துவிட்டது என்கிறோம். அவ்வேளையிலேதான் கொன்றை பூத்து நிற்கின்றது. வேலியடியிலே கிழங்கு உறங்குகின்றது. வாடுதல் வேறு, மடிதல் வேறு என்பதை இந்நிலத்தின் மலர்கள் நெடுங்காலமாகக் காட்டி வருகின்றன. அவ்வேறுபாட்டை அறிந்த மக்களாக நாம் வாழ்ந்திருக்கின்றோம். அவ்வறிவை ஏட்டிலே பதிவது வரலாற்று மாணவரின் கடனாகும். மண்ணிலே பேணுவது நம் அனைவரதும் கடனாகும்.